பழைய ஸ்போர்ட்ஸ் கார்: முன்கண்ணாடியை மாற்றுவதா, தோலைப் புதுப்பிப்பதா?

முப்பது, நாற்பது வயதான ஒரு ஸ்போர்ட்ஸ் கார். எஞ்சின் சுகமாக ஓடுகிறது, பெயின்டும் பரவாயில்லை. ஆனால் முன்கண்ணாடியின் கீழ் மூலையில் வெள்ளையாக ஒரு படலம் கிளம்பியிருக்கிறது. எதிர்வெயிலில் ஓட்டினால் கண்ணாடி முழுக்கப் புள்ளி புள்ளியாக மின்னுகிறது. உள்ளே, ஓட்டுநர் சீட்டின் வெளிப்பக்கத் திண்டில் தோல் வெடித்திருக்கிறது. டேஷ்போர்டின் மேல்தோல் கண்ணாடிப் பக்கமாகச் சுருங்கி விலகியிருக்கிறது. இந்த நிலையில் பலர் என்ன செய்கிறார்கள் என்றால், சீட்டையும் டேஷ்போர்டையும் புதுத் தோலில் தைத்துவிட்டு, கண்ணாடியை மட்டும் "ஒரிஜினல் ஆச்சே" என்று அப்படியே விட்டுவிடுகிறார்கள். நான் இதற்கு நேர்மாறாகச் சொல்வேன். கண்ணாடி விஷயத்தில் தாராளமாக இருங்கள், தோல் விஷயத்தில் கஞ்சத்தனமாக இருங்கள்.

காரணம் எளிது. முன்கண்ணாடி ஒரு பாதுகாப்புப் பாகம். ஒரே அச்சில் ஆயிரக்கணக்கில் வளைத்து எடுத்தது. உங்கள் காரில் இருக்கும் கண்ணாடிக்கும் பக்கத்துக் காரில் இருந்ததற்கும் பெரிய வித்தியாசம் அதில் பொறித்த தேதிக் குறியீடுதான். தோல் அப்படியல்ல. அந்தக் காலத்துப் பதனிடும் முறை, அந்தக் காலத்து மேல்பூச்சு, தைத்தவரின் கைவாகு, அதன்மேல் இத்தனை ஆண்டுகள் ஏறிய பயன்பாடு எல்லாம் அதில் இருக்கின்றன. பிய்த்து எறிந்துவிட்டால் எவ்வளவு செலவழித்தாலும் அது திரும்பாது.

ஆனாலும் எல்லாக் கண்ணாடியையும் மாற்ற வேண்டியதில்லை, எல்லாத் தோலையும் காப்பாற்றவும் முடியாது. எது எப்போது என்பதுதான் கேள்வி.

கண்ணாடிக்கு என்ன வயதாகிறது?

கண்ணாடி தானாகக் கெடாது. கெடுவது அதன் நடுவில் இருக்கும் பிளாஸ்டிக். லேமினேட்டட் முன்கண்ணாடி என்பது இரண்டு மெல்லிய கண்ணாடித் தகடுகளும் அவற்றுக்கு நடுவே ஒட்டிய ஒரு படலமும். பிரெஞ்சு வேதியியலாளர் எதுவார் பெனெடிக்டஸ் 1909-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அவர் காலத்தில் நடுப்படலம் செல்லுலோஸ் நைட்ரேட். வெயிலில் அது மஞ்சளாகிவிடும். இன்று நாம் சேகரிக்கும் ஸ்போர்ட்ஸ் கார்களில் பெரும்பாலும் இருப்பது பாலிவினைல் பியூட்டிரால், சுருக்கமாக பி.வி.பி. இது மஞ்சளாவது குறைவு. ஆனால் ஈரத்தை உறிஞ்சும். கண்ணாடியைச் சுற்றியிருக்கும் ரப்பர் பட்டையான பீடிங் இறுகி வெடித்து, கண்ணாடியின் கீழ் விளிம்பில் தண்ணீர் தேங்கத் தொடங்கியதும் படலம் ஓரத்தில் இருந்து ஈரம் குடிக்கிறது. ஒட்டுப் பிடி விடுகிறது. முதலில் மூலையில் வெண்மை, பிறகு குமிழ், பிறகு உள்நோக்கி நகரும் ஒரு கறை. அடுக்கு பிரிவது என்று இதைச் சொல்கிறோம். பழைய காரைப் பார்க்கப் போனால் முதலில் கீழ் இரண்டு மூலைகளைப் பாருங்கள்.

மற்ற குறைகள் வெளிப்பக்கத்துக் குறைகள். மணலும் பொடிக்கல்லும் பட்டுப் பட்டு விழுந்த நுண்குழிகள், வைப்பர் இழுத்த வில்வடிவக் கீறல்கள், கல் தெறித்த புள்ளிகள். தொடக்ககால ஜாகுவார் இ-டைப்பில் மூன்று வைப்பர்கள். ரப்பர் தேய்ந்த ஒரு வைப்பரை யாராவது காய்ந்த கண்ணாடியில் ஓடவிட்டிருந்தால் அந்தக் கோடு பல ஆண்டுகள் கழித்தும் காட்டிக்கொடுக்கும். நுண்குழிகளைப் பகல் நிழலில் கண்டுபிடிக்க முடியாது. சாயங்கால வெயில் எதிரே இருக்கும்போதோ, இரவில் எதிர்வண்டியின் விளக்கு அடிக்கும்போதோ பாருங்கள். கண்ணாடி மொத்தமும் ஒளிப்பொடி தூவியதுபோல் சிதறினால் அந்தக் கண்ணாடியின் காலம் முடிந்துவிட்டது.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 1960, 70-களில் வந்த ஐரோப்பியக் கார்களில் பல, டஃபன்டு, அதாவது சூடேற்றிச் சட்டென்று குளிரவைத்து வலுவாக்கிய ஒற்றைத் தகடு முன்கண்ணாடியோடு வந்தவை. அதில் நடுப்படலமே கிடையாது. அடுக்கு பிரியாது, ஆனால் ஒரு கல் சரியான இடத்தில் பட்டால் மொத்தமும் பொடிக் கட்டங்களாக உடைந்து, ஓட்டும் நொடியில் எதிரே ஒன்றும் தெரியாமல் போகும். மூலையில் இருக்கும் பொறிப்பைப் படித்தால் எந்த வகை என்று தெரிந்துவிடும். உங்களுடையது டஃபன்டு என்றால், சாலையில் ஓட்டும் காருக்கு லேமினேட்டட் வாங்கிப் போடுங்கள், ஒரிஜினலைச் சுற்றி வையுங்கள். இதில் எனக்கு இரண்டாம் யோசனை கிடையாது.

அப்படியே விடுவது, ரிப்பேர் செய்வது

மூலையில் இரண்டு விரல் அகலத்துக்கு வெண்மை இருக்கிறது, ஓட்டுநரின் பார்வைக்குக் குறுக்கே வரவில்லை, கார் முழுக்கத் தொடப்படாத ஒரிஜினல் என்றால் அப்படியே விடுவது நியாயமான முடிவு. ஆனால் அது அங்கேயே நிற்கும் என்று நம்ப வேண்டாம். ஈரம் நுழையும் வழியை அடைத்து, கார் காய்ந்த இடத்தில் நின்றால் மெதுவாக நகரும், அவ்வளவுதான். பிரிந்த அடுக்கை வீட்டிலோ சாதாரணக் கண்ணாடிக் கடையிலோ திரும்ப ஒட்ட வழியில்லை. ஓரத்தில் ஊசி வைத்துப் பசை ஏற்றுவது, சூடு காட்டி அழுத்துவது போன்ற யோசனைகள் வரும். தொடாதீர்கள். கண்ணாடி முதலில் ஆலையில் ஒட்டியதே வெப்பமும் அழுத்தமும் சேர்ந்த பெரிய கலனுக்குள். ஊசியில் ஏற்றும் பசை அந்த வேலையைச் செய்யாது, கறைக்குப் பக்கத்தில் இன்னொரு கறையாகத் தெரியும்.

கல் தெறித்த புள்ளி வேறு கதை. அடி வெளித்தகட்டில் மட்டும் நின்று, நடுப்படலத்துக்குப் போகாமல், விரிசல் ஓடாமல் இருந்தால் ரெசின் ஏற்றலாம். கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.52. ரெசினும் அதை ஒட்டியே இருப்பதால்தான் நிரப்பிய இடம் கண்ணுக்கு மங்கிவிடுகிறது. ஒரே நிபந்தனை, சீக்கிரம் செய்வது. பல ஆண்டுகள் அழுக்கும் மெழுகும் ஊறிய புள்ளிக்குள் ரெசின் சுத்தமாக இறங்காது, கறுப்பு நூல் மாதிரி உள்ளே நிற்கும். பழைய காரை வாங்கும்போது கூடவே வரும் புள்ளிகள் பெரும்பாலும் அந்த ரகம். அவற்றை விரிசல் ஓடாமல் பிடித்து நிறுத்தலாம், காணாமல் ஆக்க முடியாது.

கீறலுக்கு சீரியம் ஆக்ஸைடு பாலிஷ் உண்டு. நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் சிக்காத மெல்லிய கோடுகள் போகும். நகம் சிக்கினால் விட்டுவிடுங்கள். ஆழமான கீறலைப் போக்க அந்த இடத்தை மட்டும் அரைத்துக்கொண்டே போனால் கண்ணாடியில் ஒரு குழிவு உண்டாகி, அதன் வழியே பார்க்கும் சாலை நெளியும். கீறலாவது கண்ணுக்குப் பழகும், நெளிவு பழகாது. பாலிஷ் ஏறும்போது கண்ணாடி சூடாகும் என்பதால், ஏற்கெனவே அடுக்கு பிரிந்த இடத்துக்குப் பக்கத்தில் இந்த வேலையே வேண்டாம். கண்ணாடி முழுக்க நுண்குழி விழுந்திருந்தாலும் பாலிஷ் தீர்வல்ல. அத்தனை பரப்பையும் ஒரே அளவில் இறக்குவது கைவேலையில் நடக்காது.

மாற்றுவதென்றால் எந்தக் கண்ணாடி?

இங்கேதான் சேகரிப்பாளர்களுக்குள் உண்மையான பிரிவு. ஒரு பக்கம், அந்தக் காலத்திலேயே செய்து பயன்படாமல் கிடங்கில் கிடந்த கண்ணாடி. இன்னொரு பக்கம், இப்போது புதிதாகச் செய்வது. மூன்றாவதாக, உடைத்த காரில் இருந்து கழற்றியது.

தேதிக் குறியீடு பற்றித் தெரிந்துகொண்டால் ஏன் இத்தனை பிடிவாதம் என்று புரியும். அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காரான பழைய கார்வெட்டில், கண்ணாடி செய்த லிபி-ஓவன்ஸ்-ஃபோர்டு நிறுவனத்தின் எல்.ஓ.எஃப். முத்திரைக்கு அருகில் இரண்டு எழுத்துகள் இருக்கும். ஒன்று மாதம், மற்றது ஆண்டு. அது காரின் தயாரிப்புத் தேதிக்குச் சற்று முன்னதாக இருக்க வேண்டும். 1974-இல் தொடங்கிய தேசிய கார்வெட் மீட்டெடுப்போர் சங்கத்தின் போட்டி நடுவர்கள் இதையெல்லாம் குனிந்து படிப்பவர்கள். பிரிட்டிஷ் கார்களின் டிரிப்ளெக்ஸ் நிறுவனக் கண்ணாடியில் முத்திரை எழுத்துகளோடு வைத்த சிறு புள்ளிகளே காலத்தைச் சொல்லும். போட்டியில் மதிப்பெண்ணுக்காகக் காரை நிறுத்துபவருக்கு இது உண்மையிலேயே பொருட்டு.

ஆனால் பயன்படாத பழைய கண்ணாடிக்கு ஒரு பெரிய பலவீனம் இருக்கிறது. கிடங்கில் கிடந்தாலும் அதன் பி.வி.பி.க்கும் அதே வயதுதான். விளிம்பு திறந்தபடி ஈரமான சுவரில் சாய்ந்து கிடந்திருந்தால் பெட்டியைப் பிரிக்கும்போதே மூலையில் வெண்மை தெரியும். காரில் ஏறி, வெயிலும் மழையும் பட்ட பிறகு அது வேகமாகப் பரவலாம். ஆகவே, படம் பார்த்து வாங்காதீர்கள். நான்கு விளிம்புகளையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க முடிந்தால் மட்டும் வாங்குங்கள். பழைய அமெரிக்கக் கார் என்றால் இன்னொரு கணக்கும் உண்டு. 1966 மாடல் ஆண்டில்தான் அங்கே நடுப்படலத்தின் தடிமன் 0.38 மில்லிமீட்டரில் இருந்து 0.76-க்கு ஏறியது. மோதலில் தலை கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு போகாமல் தடுக்கவே இந்த மாற்றம். அதற்கு முந்தைய கார் ஒன்றில் குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போகப் போகிறீர்கள் என்றால், ஒரிஜினலை விடப் புதுக் கண்ணாடி மேல். இதைத் தயங்காமல் சொல்வேன்.

புதுக் கண்ணாடியின் சிக்கல்கள் வேறு. வளைவு. அதிகம் சாய்ந்த, அதிகம் வளைந்த ஸ்போர்ட்ஸ் கார் முன்கண்ணாடியில் ஓரங்களில் இரண்டு மில்லிமீட்டர் மாறினாலும் சட்டத்தில் அமுக்கித்தான் உட்கார வைக்க வேண்டிவரும். அப்படி அழுத்தத்தோடு உட்கார்ந்த கண்ணாடி, காரணமே இல்லாமல் ஒரு குளிர்காலையில் மூலையில் இருந்து விரிசல் விடும். பசை போடுமுன் வெறும் கண்ணாடியைச் சட்டத்தில் வைத்துச் சுற்றிலும் இடைவெளி சமமா என்று பார்க்கச் சொல்லுங்கள். பார்க்க மறுக்கும் ஆளிடம் காரைக் கொடுக்காதீர்கள்.

நிறமும் கவனிக்க வேண்டியது. பக்கக் கண்ணாடிகள் மெல்லிய பச்சையில் இருக்க முன்கண்ணாடி மட்டும் வெள்ளையாக வந்தால், எத்தனை செலவழித்தாலும் கார் ஒட்டுப்போட்டதாகவே தெரியும். சில மாடல்களில் கண்ணாடிக்குள்ளேயே ரேடியோ ஆன்டெனா கம்பி ஓடும், மேலே நிழற்பட்டை இருக்கும். ஆர்டர் கொடுக்குமுன் பழையதைப் படமெடுத்து ஒப்பிடுங்கள். அப்புறம் ஒளித்தெளிவு. ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து, கட்டம் போட்ட ஒரு சுவரையோ செங்கல் வரிசையையோ கண்ணாடி வழியே பார்த்தபடி தலையை மெதுவாக இடவலமாக அசையுங்கள். கோடுகள் நடுவில் நெளியக் கூடாது. ஓரத்தில் சிறிது நெளிவது இத்தகைய வளைவில் இயல்பே. 1959-இல் பில்கிங்டன் நிறுவனம் அறிவித்த ஃப்ளோட் முறையில், உருகிய வெள்ளீயத்தின்மேல் மிதக்கவிட்டுச் செய்த தட்டைக் கண்ணாடியில் இருந்துதான் இன்றைய முன்கண்ணாடிகள் வருகின்றன. மூலப்பொருளில் குறை அரிது. குறை வருவது வளைக்கும் இடத்தில்தான்.

புதுக் கண்ணாடியில் பழைய முத்திரையையும் தேதியையும் பொறித்துத் தருபவர்கள் இருக்கிறார்கள். போட்டிக்காக அதைச் செய்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் காரை விற்கும்போது வாங்குபவரிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விற்பது ஏமாற்று.

கழற்றிய கண்ணாடியைப் பற்றி ஒரே வரி. நுண்குழி இல்லாத, விளிம்பு சுத்தமான ஒன்று கிடைத்தால் அதுதான் மூன்றிலும் நல்லது, ஆனால் அப்படி ஒன்று கிடைப்பது அபூர்வம்.

கண்ணாடிக்குக் கீழே இருப்பது

கண்ணாடியை எடுத்தால்தான் தெரியும் விஷயம் துரு. பழைய போர்ஷே 911 போல ரப்பர் பீடிங்கில் உட்காரும் கண்ணாடி என்றால், கீழ் மூலைகளில் பீடிங்குக்கு அடியில் தண்ணீர் நின்று சட்டத்தைத் தின்றிருக்கும். வெளியே பெயின்டில் ஒரு சிறு கொப்பளம் மட்டுமே தெரியும். ஆகவே கண்ணாடி மாற்றும் செலவு என்று கணக்குப் போடும்போது, சட்டத்தில் வெல்டிங்கும் பெயின்டும் வரலாம் என்பதையும் சேர்த்தே போடுங்கள். கண்ணாடி வேலை செய்பவரும் பாடி வேலை செய்பவரும் ஒரே வாரத்தில் கிடைப்பார்களா என்று முன்பே கேட்டு வையுங்கள். புதுக் கண்ணாடிக்குப் பழைய பீடிங்கை மறுபடி போட யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். முதல் கண்ணாடியைக் கெடுத்ததே அந்தப் பீடிங்தான்.

பசையில் ஒட்டும் கார்களில், 90-களின் நடுவில் வந்த போர்ஷே 993 முதலானவற்றில், கண்ணாடி உடலின் விறைப்புக்கும் பங்களிக்கிறது. பயணிப் பக்கத்து ஏர்பேக் விரியும்போது கண்ணாடியில் சாய்ந்து நிற்கும் கார்களும் உண்டு. அங்கே பசையின் தரமும், அது இறுகும்வரை காரை நகர்த்தாமல் வைப்பதும் விட்டுக்கொடுக்கக் கூடாதவை.

தோல்: முதலில் மேல்பூச்சைக் கண்டுபிடியுங்கள்

தோல் பராமரிப்பில் நடக்கும் தவறுகளில் பாதி, எந்த மேல்பூச்சு என்று தெரியாமல் பாட்டிலைத் திறப்பதால் வருகிறது. 1878-இல் தொடங்கிய பிரிட்டிஷ் நிறுவனம் கானலி. ஜாகுவார், ஆஸ்டன் மார்ட்டின், ஃபெராரி என்று ஒரு தலைமுறை கார்களுக்கே தோல் கொடுத்தது. அதன் பழைய வாமோல் வகைத் தோலில் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு. அந்தப் பூச்சு வயதாகும்போது நுண்ணிய வெடிப்பு வலையாக விரியும், எண்ணெய்க் கிரீம் அதன் வழியே உள்ளே இறங்கும். "தோலுக்கு உணவு ஊட்டுங்கள்" என்ற அறிவுரை அந்தக் காலத்துத் தோலுக்குப் பொருத்தமானது. பின்னால் வந்த பெரும்பாலான கார் தோல்களில் மேலே இருப்பது நிறமியும் பாலியூரிதேன் படலமும். அதன்மேல் எவ்வளவு கிரீம் தேய்த்தாலும் மேலேயே வழவழவென்று நிற்கும், தூசியைப் பிடிக்கும், அந்தத் தூசி உப்புத்தாள் மாதிரி பூச்சை அரைக்கும். அதற்குத் தேவை அடிக்கடி மென்மையாகச் சுத்தம் செய்வது, அவ்வளவே.

மறைவான இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். முத்தாக நின்றால் மேற்படலம் முழுசாக இருக்கிறது. மெதுவாக நிறம் கறுத்து உள்ளே இறங்கினால் பூச்சு இல்லை, அல்லது தேய்ந்துவிட்டது. இந்தச் சோதனைக்கு அரை நிமிடம் போதும்.

சுத்தம் செய்ய, தோலுக்கென்றே செய்த லேசான அமிலத்தன்மை உள்ள திரவம், மென்மையான பிரஷ், உலர்ந்த துணி. பதனிட்ட தோல் அமிலத்தன்மை உள்ளது. சோப்பு காரத்தன்மை உள்ளது. வீட்டுச் சோப்பும், குதிரைச் சேணத்துக்கான சோப்பும் கார் சீட்டுக்கு வேண்டாம். சிலிகோன் ஸ்பிரே வேண்டவே வேண்டாம். இன்று பளபளக்கும், நாளை நிறம் ஏற்ற வேண்டிவந்தால் எந்தப் பூச்சும் அதன்மேல் பிடிக்காது. கால்நடைக் குளம்பெண்ணெய் பழைய தோலை மென்மையாக்கும் என்று ஊற்றுகிறார்கள். அது தோலை நிரந்தரமாகக் கறுப்பாக்கி, தையல் ஓரங்களைத் தளர்த்தும்.

தொடுவதா, நிறம் ஏற்றுவதா, புதிதாகத் தைப்பதா?

மேற்பூச்சு தேய்ந்து நிறம் போன தோலும், வலு போன தோலும் வெளியில் இருந்து ஒன்றாகவே தெரியும். வித்தியாசம் கையில் தெரியும். விரலால் அழுத்தினால் மெல்லிய சுருக்கங்கள் விழுந்து, விட்டதும் விரிந்தால் அந்தத் தோலுக்கு இன்னும் உயிர் இருக்கிறது. மொடமொடவென்று நின்று, சுருக்கத்தின் அடியில் நார் தெரிந்தால், தையல் துளைகள் நீண்டு கிழிந்திருந்தால் அங்கே கிரீமுக்கு வேலை இல்லை.

உயிர் இருக்கும் தோலுக்கு நான் பரிந்துரைப்பது, மிகக் குறைவாகத் தொடுவது. வெடித்த இடத்துக்கு அடியில் துணி ஒட்டி, நெகிழும் ஃபில்லர் நிரப்பி, அந்த இடத்துக்கு மட்டும் நிறம். மொத்த சீட்டுக்கும் நிறம் ஏற்றினால் ஒரே சீராக அழகாக வரும், உண்மைதான். ஆனால் அதோடு தோலின் இயற்கையான துளைத் தோற்றமும், பழைய பூச்சின் ஆழமும், உட்கார்ந்து உட்கார்ந்து வந்த ஒளியும் மூடிப்போகும். கதவுத் தோலும் தலைத்திண்டும் பழசாகவும் சீட் மட்டும் புதிதாகவும் நிற்கும். பிறகு அவற்றுக்கும் நிறம் ஏற்ற வேண்டிவரும். ஒரு திண்டில் தொடங்கிய வேலை கார் முழுக்கப் போய் முடிவது இப்படித்தான்.

நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு உள்ள பழைய தோலில் நிறம் ஏற்றுவதென்றால், தண்ணீர் அடிப்படையிலான இன்றைய பூச்சுகள் அதன்மேல் சரியாகப் பிடிக்கிறதா என்று சீட்டுக்கு அடியில் சோதித்த பிறகே மேலே வர வேண்டும். செய்பவருக்கு இந்த வித்தியாசம் தெரியுமா என்று முதலில் கேளுங்கள்.

தோல் கிழிவதற்குத் தோல் மட்டும் காரணமாக இருப்பதில்லை. 70-கள் முதல் 90-கள் வரையிலான சீட்டுகளில் உள்ளே இருக்கும் ஃபோம் பொடியாகிவிடும். தாங்கல் போனதும் உட்காருபவரின் எடை மொத்தமும் தையலில் தொங்கும், திண்டின் முனையில் தோல் மடிந்து மடிந்து வெடிக்கும். ஃபோமை மாற்றி, அதே தோலைத் திரும்பப் போர்த்துவது செலவு குறைந்த, அதிகம் பேர் நினைத்தே பார்க்காத வழி. சுருக்கங்கள் பாதி தானாகவே விரிந்துவிடும். தோலை ரிப்பேர் செய்யுமுன் சீட்டைக் கழற்றி அடியில் கைவிட்டுப் பாருங்கள். தரையில் மஞ்சள் பொடி கொட்டியிருந்தால் விஷயம் அதுதான்.

முழுவதும் புதிதாகத் தைப்பது கடைசி வழி. வலு போன தோலுக்கு அதைவிட வேறு கதி இல்லை, அதில் வெட்கமும் இல்லை. ஆனால் கானலியின் பதனிடும் ஆலை 2002-இல் மூடப்பட்டது. இன்று கிடைக்கும் தோல் வேறு மாட்டின் தோல், வேறு பதனிடுதல், வேறு பூச்சு. நல்ல கைவேலைக்காரர் தையல் இடைவெளியையும் விளிம்பில் ஓடும் குழாய்த் தையலின் (பைப்பிங்) தடிமனையும் அப்படியே கொண்டுவருவார். மணமும் தொடுகையும் வேறாகவே இருக்கும். பழைய தோலைக் குப்பையில் போடாமல் பெயர் எழுதிச் சுருட்டி வையுங்கள், மடிக்க வேண்டாம். பழுதில்லாத துண்டுகளை மட்டும் பழையபடியே வைத்துத் தைக்க முடியுமா என்றும் கேளுங்கள். முகப்புப் பட்டைகள் போனாலும் பக்கப் பட்டைகள் நன்றாக இருப்பதுதான் வழக்கம்.

சேகரிப்பு உலகமும் இந்தப் பக்கமே சாய்ந்திருக்கிறது. அமெரிக்காவின் பெப்பிள் பீச் கான்கூர் என்ற பழைய கார் போட்டியில் 2001-இல் மீட்டெடுக்காத கார்களுக்கென்று தனி வகுப்பு வந்தது. பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பு ஃபிவா 2012-இல் ஏற்ற டூரின் சாசனம், மீட்டெடுப்பதற்கு முன்னால் பாதுகாப்பதை வைக்கிறது. தேய்ந்த ஒரிஜினல் தோல் இப்போது குறையாக அல்ல, சாட்சியாகவே வாசிக்கப்படுகிறது.

டேஷ்போர்டு

கண்ணாடியும் தோலும் ஒன்றையொன்று பாதிக்கும் இடம் இது. லேமினேட்டட் கண்ணாடியின் பி.வி.பி. புற ஊதாக் கதிரில் மிகப் பெரும்பகுதியை வடிகட்டிவிடுகிறது. பக்கக் கண்ணாடிகள் பொதுவாக டஃபன்டு, அவை அந்த அளவு தடுப்பதில்லை. ஆகவே சீட்டின் வெளிப்பக்கத் திண்டு வெளுப்பதற்குப் பக்கக் கண்ணாடி வழியே வரும் வெயிலும் ஒரு காரணம். டேஷ்போர்டின் எதிரி வெப்பம். சாய்ந்த கண்ணாடிக்கு நேர் கீழே, நிறுத்திய காரில், சூடேறி ஆறி, சூடேறி ஆறி, தோல் தன் ஈரத்தையும் பதனிடும்போது ஏற்றிய கொழுப்பையும் இழந்து சுருங்குகிறது. ஃபெராரி எஃப்355, 360 வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். தோல் கண்ணாடி ஓரத்தில் இருந்து பிய்ந்து விலகி நிற்கும்.

சுருங்கிய டேஷ்போர்டுத் தோலைக் கிரீம் தடவி நீட்ட முடியாது. அதிகம் தடவினால் இன்னொரு தொல்லை. வெயிலில் அந்த எண்ணெய் ஆவியாகி முன்கண்ணாடியின் உள்பக்கத்தில் மெல்லிய படலமாகப் படிகிறது. இரவில் விளக்கு வெளிச்சம் அதில் சிதறும், கண்ணாடிதான் கெட்டுவிட்டது என்று நினைப்போம். கண்ணாடியை மாற்ற முடிவெடுக்குமுன் உள்பக்கத்தை நன்றாகத் துடைத்துவிட்டு ஒருமுறை இரவில் ஓட்டிப் பாருங்கள். துடைக்கும்போது திரவத்தைத் துணியில் தெளியுங்கள், கண்ணாடியில் அடிக்காதீர்கள். அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவம் டேஷ்போர்டுத் தோலில் சொட்டினால் பூச்சைக் கெடுக்கும், அடுக்கு பிரியத் தொடங்கிய விளிம்பில் கசிந்தாலும் நல்லதல்ல.

சீட்டுத் தோலில் நான் காட்டும் கஞ்சத்தனத்தை டேஷ்போர்டில் தளர்த்துவேன். சுருங்கி விலகிய தோலை அப்படியே வைத்திருந்தால் அது மேலும் இழுத்து, அடியில் இருக்கும் வடிவத்தையே வளைக்கலாம். இங்கே வரிசை முக்கியம். பழைய 911 உட்படப் பல கார்களில் டேஷ்போர்டின் மேற்பகுதியைச் சரியாகக் கழற்றக் கண்ணாடி வெளியே வந்தாக வேண்டும். கண்ணாடியை இந்த ஆண்டு மாற்றிவிட்டு டேஷ்போர்டை அடுத்த ஆண்டு எடுத்தால், புதுக் கண்ணாடியை மறுபடி கழற்றும் ஆபத்தையும் கூலியையும் இரண்டாம் முறை சுமக்கிறீர்கள். இரண்டையும் ஒரே வேலையாகப் பேசுங்கள். கண்ணாடி வெளியே, டேஷ்போர்டு தையல்காரரிடம், இடையில் சட்டத்துத் துருவுக்குச் சிகிச்சை, பிறகு டேஷ்போர்டு உள்ளே, கடைசியில் கண்ணாடி.

யாருக்கு எது?

வாரக் கடைசியில் ஓட்டுவதற்கென்றே கார் வைத்திருப்பவர் பார்வையில் குறை தெரிந்த அன்றே புதுக் கண்ணாடி போடட்டும். சீட்டைச் சுத்தம் செய்து, ஃபோமைப் பார்த்து, கிழிசலை நிறுத்தினால் போதும். தேதிக் குறியீடு இவருக்குப் பொருட்டல்ல, பழைய கண்ணாடியை வைக்க இடம் இருந்தால் வைத்துக்கொள்ளலாம்.

போட்டிக்கு நிறுத்துபவர் நிலை கடினம். மதிப்பெண்ணுக்குச் சரியான தேதியுள்ள கண்ணாடி வேண்டும், ஓட்டிக்கொண்டு போக நல்ல கண்ணாடி வேண்டும். மூலையில் மட்டும் வெண்மை உள்ள ஒரிஜினல் என்றால் வைத்திருக்கலாம். பார்வைக்குக் குறுக்கே வந்துவிட்டால் புதியதைப் போட்டு, கழற்றியதை நடுவர்களிடம் காட்டவும் அடுத்த உரிமையாளரிடம் கொடுக்கவும் பத்திரப்படுத்த வேண்டும். தோலில் இவர் கைவைக்கவே கூடாது, சுத்தம் தவிர.

விற்கப் போகிறவருக்கு என் ஆலோசனை பலருக்குப் பிடிக்காது. விற்பதற்கு முன் சீட்டுகளுக்கு நிறம் ஏற்றாதீர்கள். விவரம் தெரிந்த வாங்குபவர் அதைத் தொட்டவுடன் கண்டுபிடிப்பார், அடுத்து மற்ற எல்லாவற்றையும் சந்தேகிப்பார். விரிசல் விட்ட முன்கண்ணாடியை மட்டும் மாற்றி, ரசீதைக் கோப்பில் வையுங்கள்.

காரை அதிகம் ஓட்டாமல் நிறுத்தி வைப்பவர் இரண்டுக்கும் சேர்த்து ஒரே விஷயத்தைக் கவனித்தால் போதும், காற்றின் ஈரப்பதம். 45 முதல் 55 சதவீதம் வரை தோலுக்கு நல்லது. 65-ஐத் தாண்டி நீடித்தால் பூஞ்சை வரும், கண்ணாடியின் விளிம்பும் ஈரம் குடிக்கும். மிகவும் காய்ந்தால் தோல் விறைக்கும். ஒரு சிறு ஈரப்பதமானியைக் காருக்குள்ளேயே வையுங்கள், அறைச்சுவரில் வேண்டாம், இரண்டும் ஒரே எண்ணைக் காட்டுவதில்லை. கழுவிய காரை உறை போட்டு மூடுமுன் பீடிங்கின் கீழ் மூலைகளைத் துணியால் ஒற்றி எடுத்து, கதவைத் திறந்து வைத்துக் காயவிடுங்கள்.